ஓடும் குழாயில் ஒரு கிளை



கணக்குத் தேர்வில் விடையை மட்டும் எழுதிவைக்கும் மாணவனுக்கு முழு மதிப்பெண் கிடைப்பதில்லை. வழிமுறையையும் எழுத வேண்டும் என்று ஆசிரியர் வற்புறுத்துவார். விடை சரியாக இருக்கும்போது வழிமுறை வீண் சுமையாகத் தோன்றலாம். விடை பிழைபடும்போதுதான் அதன் அருமை விளங்கும். எந்த வரியில் கூட்டலுக்குப் பதிலாகக் கழித்தல் புகுந்தது, எந்த இலக்கம் இடம் மாறிற்று என்பவற்றையெல்லாம் அவ்வரிகளே காட்டிக்கொடுத்துவிடும்.

மனிதன் போடும் கணக்குக்குப் பொருந்தும் இவ்வுண்மை, கணிப்பொறி போடும் கணக்குக்கும் பொருந்தும். ஒரு நிரலின் வெளியீட்டை மற்றொரு நிரல் உள்ளீடாகப் பெற்று, அதன் வெளியீட்டை மூன்றாவது நிரல் பெற்று, இவ்வாறு தரவு கைமாறிச் செல்லும்போது, இடையில் தோன்றும் முடிவுகள் என்ன ஆகின்றன? வேண்டும்போது அவற்றைக் காத்துவைப்பது எங்ஙனம்? இவ்வினாக்களுக்கு விடை கண்ட வரலாறு சுவையானது.

கணிப்பொறி தோன்றுவதற்கு முன்பே தரவுகளைக் கையாளும் பொறிகள் இருந்தன. 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹோலரித் என்பார் அமைத்த பொறிகள், துளையிட்ட அட்டைகளைக் கொண்டு எண்ணிக்கை செய்தன. அம்முறை வளர்ந்த பிற்காலத்தில், அலுவலகங்களில் அட்டைகளை வரிசைப்படுத்த ஒரு பொறி, கூட்டிப் பட்டியல் எடுக்க ஒரு பொறி என்று வெவ்வேறு பொறிகள் இருந்தன. ஒரு பொறியிலிருந்து மற்றொன்றுக்கு அட்டைக்கட்டை மனிதனே தூக்கிச் செல்ல வேண்டும். உழைப்பு மிகுதிதான். ஆயினும் அதில் ஒரு நன்மையும் மறைந்திருந்தது. ஒவ்வொரு படியின் முடிவும் கையில் தொட்டுப் பார்க்கத்தக்க அட்டைக்கட்டாகவே இருந்தது. ஐயம் தோன்றினால் எடுத்துப் பார்க்கலாம். இடைமுடிவைக் காப்பதற்கென்று தனி முயற்சி தேவைப்படவில்லை, மறைப்பதற்குத்தான் வழியில்லை.

இனி, அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தைச் சேர்ந்த மர்ரே ஹில் என்னும் ஊருக்குச் செல்வோம். தொலைபேசித் துறையின் ஆராய்ச்சிக்குப் புகழ்பெற்ற பெல் ஆராய்ச்சிக்கூடம் அங்கே இருந்தது. அதில் பணியாற்றிய டக்ளஸ் மக்கில்ராய் என்னும் அறிஞர், 1964 அக்டோபர் 11ஆம் தேதியிட்ட குறிப்பொன்றில் ஒரு கருத்தை வெளியிட்டார். தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாய்த் துண்டுகளைத் திருகி இணைப்பதுபோல நிரல்களையும் ஒன்றோடொன்று இணைக்க வழி வேண்டும். தரவை வேறு விதமாக மாற்ற வேண்டிய தேவை எழும்போது இன்னொரு துண்டைத் திருகிக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். அன்று அது ஒரு விருப்பமாகவே நின்றது. நிறைவேற ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் சென்றன.

இதற்கிடையில், மல்டிக்ஸ் என்னும் பெரும் இயங்குதளத் திட்டத்திலிருந்து பெல் ஆராய்ச்சிக்கூடம் 1969இல் விலகியது. அவ்வாண்டிலேயே கென் தாம்சன், பயன்பாடு குறைந்திருந்த ஒரு சிறிய கணிப்பொறியைக் கொண்டு புதிய இயங்குதளம் ஒன்றை அமைக்கத் தொடங்கினார். டென்னிஸ் ரிட்சி அவருக்குத் துணைநின்றார். யூனிக்ஸ் என்று பெயர்பெற்ற இயங்குதளம் அதுவே. 1971இல் அது குடியிருந்த பொறியின் நினைவகம் 24 கிலோபைட். வட்டின் கொள்ளளவு 512 கிலோபைட். இன்று கைப்பேசியில் நாம் எடுக்கும் ஒரு நிழற்படமே அவ்வட்டில் அடங்காது. அத்துணைச் சிறிய பொறியைக் கொண்டுதான், ஆராய்ச்சிக்கூடத்தின் காப்புரிமைப் பிரிவைச் சேர்ந்த தட்டச்சர்கள் மூவர் நாள்தோறும் விண்ணப்பங்களைத் தட்டச்சுச் செய்து திருத்தி வந்தனர்.

அக்காலத்து யூனிக்ஸில் இரண்டு நிரல்களை அடுத்தடுத்துப் பயன்படுத்த வேண்டுமாயின், முதல் நிரலின் வெளியீட்டை ஒரு தற்காலிகக் கோப்பில் இட வேண்டும். இரண்டாவது நிரல் அக்கோப்பைப் படித்து, தன் வெளியீட்டை மற்றொரு கோப்பில் இடும். வேலை முடிந்த பின் அக்கோப்புகளை மறவாமல் அழிக்க வேண்டும். மறந்தால் குறுகிய வட்டு நிறைந்துபோகும். அட்டைக்கட்டைத் தூக்கிச் செல்லும் வேலையே வேறு வடிவில் தொடர்ந்தது எனலாம்.

மக்கில்ராய் தம் கருத்தை விடவில்லை. குழாய் இணைப்பு வேண்டும் என்று தாம்சனிடமும் ரிட்சியிடமும் ஆண்டுக்கணக்கில் எடுத்துரைத்துக்கொண்டே இருந்தார். இறுதியில், எளிதாக எழுதத்தக்க ஒரு குறியீட்டு முறையை அவர் முன்வைத்தபோது தாம்சன் இசைந்தார். இயங்குதளத்தின் உட்பகுதியிலும் கட்டளைகளைப் படிக்கும் நிரலிலும் செய்ய வேண்டிய மாற்றங்களை அவர் ஒரே இரவில் செய்து முடித்தார் என்று மக்கில்ராய் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். மறுநாள் ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரே உற்சாகம். ஒற்றை வரியில் எத்தனை வேலைகளை அடக்கலாம் என்று ஒருவரோடொருவர் போட்டியிட்டு எழுதிப் பார்த்தனர். 1973 பிப்ரவரியில் வெளிவந்த மூன்றாம் பதிப்பின் கையேட்டில் இவ்வசதி இடம்பெற்றது. நிரல்களுக்கிடையே நிமிர்ந்த கோடு ஒன்றை இட்டுக் குழாயைக் குறிக்கும் வழக்கம் அதே ஆண்டில் தோன்றியது. இன்றளவும் அக்கோடே நின்று நிலவுகிறது.

குழாய் எவ்வாறு வேலை செய்கிறது என்பதையும் அறிந்துகொள்வோம். அது இயங்குதளம் நினைவகத்தில் ஒதுக்கும் ஒரு சிறு தொட்டியாகும். தொடக்கக் காலத்தில் அதன் கொள்ளளவு 4,096 பைட்டுகள். இன்றைய லினக்ஸில் வழக்கமாக 65,536 பைட்டுகள். ஒரு பக்கத்து நிரல் தரவை ஊற்றுகிறது. மறுபக்கத்து நிரல் மொண்டுகொள்கிறது. தொட்டி நிறைந்தால் ஊற்றுபவன் காத்திருக்க வேண்டும். வற்றினால் மொள்பவன் காத்திருக்க வேண்டும். இக்காத்திருப்பை இயங்குதளமே கவனித்துக்கொள்கிறது. ஆதலின், பெரிய தரவாயினும் முழுவதையும் வட்டில் தேக்கிவைக்காமல் நிரலுக்கு நிரல் கடத்திவிட முடிகிறது.

இதன் சிறப்பு ஓர் ஒப்பீட்டால் நன்கு விளங்கும். 1983இல் வெளிவந்த எம்எஸ்-டாஸ் இரண்டாம் பதிப்பும் இதே நிமிர்ந்த கோட்டை ஏற்றுக்கொண்டது. ஆனால் அவ்வியங்குதளம் ஒரு நேரத்தில் ஒரு நிரலையே ஓட்ட வல்லது. ஆகவே முதல் நிரல் முழுவதும் முடியும்வரை அதன் வெளியீட்டைத் தற்காலிகக் கோப்பில் இட்டு, பின்னரே அடுத்த நிரலைத் தொடங்கியது. வெளித்தோற்றத்தில் குழாய், உள்ளே பழைய கோப்புகளே.

இவ்வளவு நன்மை தந்த குழாய் ஒன்றைப் பறித்தும்கொண்டது. தற்காலிகக் கோப்பு மறைந்தவுடன், இடைமுடிவைப் பார்க்கும் வாய்ப்பும் மறைந்தது. தொட்டியிலிருந்து மொள்ளப்பட்ட தரவு மீண்டும் தொட்டிக்கு வருவதில்லை. இறுதி விடை பிழையாயின், பிழை எந்தப் படியில் புகுந்தது என்று எவ்வாறு அறிவது?

பிழைச் செய்திகளுக்கும் இதனால் ஒரு தொல்லை நேர்ந்தது. ஒரு நிரல் ஏதேனும் தவறு கண்டால், அச்செய்தியையும் தன் வெளியீட்டிலேயே எழுதிவிடும். குழாய்க்கு முன்பு அது திரையிலோ கோப்பிலோ தென்பட்டது. குழாய் வந்தபின் அதுவும் தரவோடு கலந்து அடுத்த நிரலின் வாய்க்குள் சென்றது. அந்நிரல் பிழைச் செய்தியையும் தரவென்றே கருதி வரிசைப்படுத்திற்று, எண்ணிற்று. 1975இல் வெளிவந்த ஆறாம் பதிப்பு வரை இக்குறையைப் பொறுத்துக்கொண்டனர். அதன் பின்னர் டென்னிஸ் ரிட்சி, பிழைச் செய்திகளுக்கென்றே தனி வாயில் ஒன்றை அமைத்து இதனைத் தீர்த்தார்.

இடைமுடிவைக் காப்பதற்குக் கண்ட வழியோ இன்னும் எளியது. வீட்டில் குழாய் அமைக்கும் தொழிலாளியிடம் கேட்டால், ஒரு குழாயிலிருந்து கிளை பிரிக்க ‘டீ’ என்னும் இணைப்பைப் போட வேண்டும் என்பார். ஆங்கில எழுத்தாகிய ‘டீ’யின் வடிவில் அது அமைந்திருப்பதால் அப்பெயர். யூனிக்ஸில் அமைத்த சிறு நிரலுக்கும் அப்பெயரையே இட்டனர். 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பின் கையேடு, இதனைக் குழாய் இணைப்புச் சாமான் என்னும் பொருள்படவே அறிமுகம் செய்கிறது. டீ என்றதும் தேநீரை நினைத்துக்கொள்ளும் மாணவர்கள் இவ்வடிவத்தை மனத்திற் கொண்டால் பெயர் மறக்காது.

‘டீ’ செய்யும் வேலை மிகச் சிறிது. தன்னிடம் வரும் தரவை மாற்றாமல் அப்படியே அடுத்த நிரலுக்கு விடுகிறது. அதே வேளையில் அதன் படியொன்றை நாம் குறிப்பிடும் கோப்பில் எழுதிவைக்கிறது. கோப்புகள் பலவற்றைக் குறிப்பிட்டால் ஒவ்வொன்றிலும் ஒரு படி எழுதும். முன்பே உள்ள கோப்பின் இறுதியில் சேர்த்து எழுதவும் பணிக்கலாம். இயங்குதளங்களுக்குப் பொதுவிதி வகுத்த 1992ஆம் ஆண்டு போசிக்ஸ் நெறிமுறையில் ‘டீ’யும் இடம்பெற்றது. தன்னிடம் வந்ததை அது தேக்கிவைக்கக் கூடாது என்றும் அந்நெறிமுறை விதிக்கிறது. கிளை பிரிப்பதால் ஓட்டம் தடைபடலாகாது என்பதே இவ்விதியின் கருத்து.

இதன் பயனை ஒரு வரலாற்றுச் சான்றைக் கொண்டே விளக்குவேன். 1986இல் ஜான் பென்ட்லி என்பார், கம்யூனிகேஷன்ஸ் ஆஃப் தி ஏசிஎம் என்னும் இதழில் தாம் எழுதிவந்த பகுதிக்காகப் புகழ்பெற்ற கணிப்பொறி அறிஞர் டொனால்ட் குனூத்திடம் ஒரு நிரல் கேட்டார். ஒரு நூலில் மிகுதியாக வரும் சொற்களை, அவை வரும் எண்ணிக்கையோடு பட்டியலிட வேண்டும். குனூத் பல பக்கங்களில் அரியதொரு நிரலை விளக்கத்துடன் எழுதித் தந்தார். அதனை மதிப்பிடும் பணி மக்கில்ராயிடம் வந்தது. அவர் அந்நிரலின் நயத்தைப் பாராட்டிவிட்டு, அதே வேலையை ஆறு சிறு கட்டளைகளைக் குழாயால் இணைத்துச் செய்து காட்டினார்.

அந்த ஆறு படிகளையும் பாருங்கள். முதற்படி, ஆங்கில எழுத்தல்லாத யாவற்றையும் வரிமுறிவாக மாற்றுகிறது; இதனால் வரிக்கு ஒரு சொல் நிற்கும். இரண்டாம் படி, பெரிய எழுத்துகளைச் சிறிய எழுத்துகளாக்குகிறது. மூன்றாம் படி, சொற்களை அகரவரிசையில் அடுக்குகிறது. நான்காம் படி, அடுத்தடுத்து நிற்கும் ஒரே சொற்களை எண்ணி, சொல்லுக்கு ஒரு வரியாகச் சுருக்குகிறது. ஒரே சொற்கள் அடுத்தடுத்து நின்றால்தான் அதனால் எண்ண முடியும். ஆகவேதான் அதற்கு முன் அகரவரிசை. ஐந்தாம் படி, எண்ணிக்கை மிகுந்தவை மேலே வருமாறு அடுக்குகிறது. ஆறாம் படி, நாம் கேட்ட அளவு வரிகளை, பத்து என்று கேட்டால் பத்து வரிகளை, எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறது.

இக்கட்டளைத் தொடரில் உரையாடல் மிகுந்த ஓர் ஆங்கிலக் கதையை இட்டுப் பார்த்தால், பட்டியலில் ‘எஸ்’, ‘டீ’ என்னும் தனி எழுத்துகள் சொற்களாக வந்து நிற்கக் காண்பீர்கள். இவை எங்கிருந்து வந்தன? எண்ணும் நிரல் பிழைபட்டதா? அடுக்கும் நிரல் பிழைபட்டதா? இறுதிப் பட்டியலை எத்தனை முறை உற்றுநோக்கினும் விளங்காது. முதற்படிக்கு அடுத்து ஒரு ‘டீ’யைச் செருகி, கோப்பில் விழுந்த படியைப் பாருங்கள். ‘டோன்ட்’ என்னும் சொல்லின் இடையில் நிற்கும் மேற்குறியும் எழுத்தல்லாதது என்று கருதப்பட்டு, அவ்விடத்தில் சொல் இரண்டாக முறிந்திருக்கும். அடுத்து வந்த நிரல்களில் ஒரு பிழையும் இல்லை. அவை தமக்குக் கொடுத்ததைச் செவ்வனே எண்ணின, கொடுத்ததுதான் தவறு.

இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. ஆங்கில எழுத்தே கலவாத தமிழ்க் கட்டுரை ஒன்றை அதே தொடரில் இட்டால் என்ன விளையும்? நம் எழுத்துகள் யாவும் எழுத்தல்லாதவை என்று கொள்ளப்பட்டு, பத்தாயிரம் சொற்களும் கரைந்து, ஒரேயொரு வெற்று வரி மிஞ்சும். எந்த நிரலும் பிழை என்று குரல் கொடுக்காது. யாவும் தத்தம் கடமையை முடித்த நிறைவோடு ஓய்ந்துவிடும். முதற்படியின் வெளியீட்டைப் பார்த்தவனே காரணத்தை உடனே அறிவான். ஆங்கிலத்தை மட்டும் நினைந்து எழுதிய கட்டளை நம் மொழிக்குப் பொருந்தாது என்ற உண்மை, இறுதி விடையில் வெறுமையாகவும் இடைமுடிவில் விளக்கமாகவும் தெரிகிறது.

இடைமுடிவு பிழை காண மட்டும் பயன்படுவதன்று. மேற்கண்ட தொடரில் இறுதியாக வருவது பத்துச் சொற்களே. நாளை வேறொருவர், அருகி வரும் சொற்கள் எவை என்று கேட்கலாம். நான்காம் படிக்கு அடுத்து ‘டீ’ வைத்து முழுப் பட்டியலையும் காத்திருந்தால், நூல் முழுவதையும் மீண்டும் பிரித்து, அடுக்கி, எண்ண வேண்டியதில்லை. ஒருநாள் முழுதும் ஓடும் கணக்காயின் இதனால் மிஞ்சும் காலம் சிறிதன்று.

கிளையை எங்கே வைப்பது என்பதில் ஒரு நுட்பம் உண்டு. ஐந்தாம் படிக்கும் ஆறாம் படிக்கும் இடையில் வைத்தால் என்ன என்று கேட்கலாம். ஆறாம் படி பத்து வரிகளைப் பெற்றதும் வாயிலை மூடிவிடுகிறது. அதன்பின் எழுத முயலும் ‘டீ’ இடையில் நிறுத்தப்பட்டுவிடலாம். கோப்பிலுள்ள படி அரைகுறையாக நின்றுவிடும். நான்காம் படிக்கு அடுத்து வைத்தாலோ, அங்கே அடுத்து நிற்பது அடுக்கும் நிரல். கடைசி வரியையும் பெற்ற பிறகே அது தன் முதல் வரியை வெளியிட முடியும். கடைசியில் வரும் சொல்லே எண்ணிக்கையில் முதலிடம் பெறுவதாக இருக்கலாமன்றோ? ஆகவே அவ்விடத்தில் படி முழுமையாகக் கிட்டும். ஓட்டத்தின் இயல்பை அறிந்தே கிளையை வைக்க வேண்டும்.

வேறு சில எச்சரிக்கைகளும் உள. முதலாவது, சேர்த்து எழுதும்படி பணிக்காவிடில், ‘டீ’ அதே பெயரில் முன்பிருந்த கோப்பை அழித்துவிட்டே எழுதும். எந்தக் கோப்பிலிருந்து தரவு புறப்படுகிறதோ அதே கோப்பின் பெயரைக் கிளைக்கும் கொடுத்துவிட்டால், படித்து முடிக்கும் முன்பே மூலம் அழிந்துபோகக் கூடும்.

இரண்டாவது, ஒரு குழாய்த் தொடர் வெற்றியா தோல்வியா என்பதை, வழக்கமாகக் கடைசி நிரலின் நிலையைக் கொண்டே கட்டளைப் படிப்பி முடிவு செய்கிறது. கடைசியில் ‘டீ’ நின்றால், அது தன் எளிய வேலையை முடித்து வெற்றி என்று கூறிவிடும். முன்னே நின்ற நிரல் தோற்றது தெரியாமற்போகும். தொடரில் எந்த நிரல் தோற்றாலும் தோல்வி என்றே கொள்ளும்படி கேட்கும் வசதி, 2004இல் வெளிவந்த பாஷ் மூன்றாம் பதிப்பில் சேர்க்கப்பட்டது. அதனைப் பயன்படுத்துவது அறிவுடைமை.

மூன்றாவது, காத்துவைப்பதிலும் அளவு வேண்டும். ஒவ்வொரு படியிலும் கிளை வைத்தால், குழாய் ஒழித்த தற்காலிகக் கோப்புகள் மீண்டும் வந்து குவியும். பிறருடைய பெயரும் மதிப்பெண்ணும் நோய்க்குறிப்பும் போன்றவை அடங்கிய தரவாயின், இடையில் எடுத்த படி மறதியால் வட்டில் கிடந்து, காணத் தகாதவர் கண்ணிற் படவும் கூடும். தேவை தீர்ந்ததும் அதனை அழிப்பது, அதனை எடுத்தவன் பொறுப்பு.

தொட்டுப் பார்க்கத்தக்க அட்டைக்கட்டில் தொடங்கி, தற்காலிகக் கோப்பு, கண்ணுக்குத் தெரியாத ஓட்டம், அவ்வோட்டத்தில் வேண்டிய இடத்தில் ஒரு கிளை என்று இவ்வரலாறு வளர்ந்திருக்கிறது. 2006இல் வெளிவந்த லினக்ஸ் 2.6.17 பதிப்பு, ஒரு குழாயின் தரவை மற்றொரு குழாய்க்கும் பகிர்ந்தளிக்கும் வசதியொன்றை இயங்குதளத்தின் உட்பகுதியிலேயே சேர்த்து, அதற்கும் ‘டீ’ என்றே பெயரிட்டது. பெயர் மட்டுமன்றித் தேவையும் மாறவில்லை என்பதற்கு இது சான்று.

இன்று பல துறைகளில் முடிவுகளைக் கணிப்பொறிகள் தொடர்தொடராகக் கணித்துத் தருகின்றன. விண்ணப்பம் ஒன்று ஏற்கப்பட்டதா தள்ளப்பட்டதா என்று இறுதிச் சொல் மட்டும் மனிதனிடம் வருகிறது. எந்தப் படியில் எந்தத் தகவல் எவ்வாறு மாறியது என்று கேட்க அவனுக்கு உரிமை உண்டு. அக்கேள்விக்கு விடை கூற வேண்டுமாயின், ஓட்டத்தை அமைத்தவர் முன்கூட்டியே தக்க இடத்தில் ஒரு படி எடுத்து வைத்திருக்க வேண்டும். ஓடி முடிந்த நீரைப் பின்னர் மொள்ள இயலாது.

லினக்ஸ் உள்ள எந்தக் கணிப்பொறியிலும் ‘டீ’ கிடைக்கும். மக்கில்ராயின் ஆறு படிகளை நீங்களே எழுதி, ஒவ்வொரு படிக்கும் அடுத்துக் கிளையை மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். தமிழ்ச் சொற்களையும் எண்ணுமாறு முதற்படியைத் திருத்த முயலுங்கள். எந்த இடத்தில் படி எடுக்க வேண்டும் என்பதைக் கருவி ஒருபோதும் சொல்லாது. அதனைத் தீர்மானிக்கும் வேலை உங்களுடையதே.